மான் சுட்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. அவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கிவிட, பாயில் இருந்து சோற்றுப் பெட்டிக்குக் காவல் காப்பது என் பொறுப்பாகிவிட்டது. அறுபதைத் தொட்ட பெண்ணுக்குக் கடற்கரையில் கிடைக்கிற உத்தியோகம் அதுதான், காகம் கலைப்பது. முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பதாலோ என்னவோ, காகங்கள் ஓரளவுக்கு என் சொல்வழி கேட்கின்றன.

பக்கத்துப் பாயில் ஒரு சிறுமி. ஆறு வயது இருக்கும். கையில் பிளாஸ்ரிக் பிஸ்டல். சிவப்புத் தாளில் பொட்டுப் பொட்டாக மருந்து ஒட்டிய வெடிச்சுருளை அதற்குள் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் மல்லாந்து படுத்தபடி கேட்டார்.

“ஆரையம்மா சுடுறியள்?”

“மான்.”

“பிஸ்டலாலை ஆராவது மான் சுடுவினமோ? அதுக்குப் பெரிய துவக்கு வேணும்.”

அவள் அடுத்த வெடியை அடித்தாள். காற்று என் பக்கமாக வந்தது. அந்த எரிந்த மருந்து மணம் மூக்கில் ஏறியதும் நான் சோற்றுப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப்போய்க் கடலில் கையைக் கழுவினேன். கையில் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரு காகம் பொரித்த மீனோடு போய்விட்டிருந்தது.

தகப்பனுக்கு அந்த இடத்திலேயே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது ஒரு வசனத்தில் சொல்கிற பதில் இல்லை. உங்களுக்கென்றால் ஆறுதலாக இருந்து சொல்லலாம்.

வெடிமருந்து மணம் எனக்கு ஒருகாலத்தில் சந்தோசமான மணம். ஊர்காவற்றுறையில் எங்கள் வேதக் கோயில் திருநாளுக்குப் புனிதரின் சிலையை, சுருவம் என்போம், தூக்கிச் சுற்றி வரும்போது சீனவெடி கொளுத்துவார்கள். அந்தப் புகைக்குள்தான் இவரை முதலில் பார்த்தேன். இவர் என்றால் என் மனுசன். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. எனக்குச் சொல்ல வராதென்றில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லாத வீட்டில் இனிச் சொல்லிப் பழகி என்ன காணப்போகிறேன்?

கடற்றொழில்தான் அவருக்கு. தகப்பனும் அதுதான், தகப்பனின் தகப்பனும் அதுதான். கலியாணம் முடித்துப் போன புதிதில் அந்த வீட்டில் எனக்குப் புதுமையாக இருந்தது ஒரு விசயம். வாய் உள்ள பொருள் எல்லாவற்றுக்கும் அவர்கள் அடைப்பு வைத்திருந்தார்கள். தீவுக் காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே, அது வெறுங்காற்று இல்லை, பாதி உப்பு. திறந்து கிடக்கிற எதற்குள்ளும் போய்க் குந்திக்கொண்டு இரும்பைத் தின்னும். அதனால் பழஞ்சீலைத் துண்டை மெழுகில் தோய்த்து உருட்டி, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு ஒன்று, கரையில் ஏற்றிவைத்த எஞ்சினின் புகைக்குழாய்க்கு ஒன்று, தோணியின் தண்ணீர்க் கலனுக்கு ஒன்று என்று அடைத்துவிடுவார்கள். மெழுகு கடையில் வாங்கிய மெழுகு இல்லை. மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்து வாங்கிய திரிகளின் அடிக்கட்டை. மந்திரித்ததைக் குப்பையில் போடக்கூடாது, வீணாக்கவும் கூடாது. ஆகவே கடலுக்குப் போகிற எல்லாவற்றின் வாயிலும் கொஞ்சம் ஆசீர்வாதம் அடைபட்டிருந்தது. என் தையல் மெசினின் எண்ணெய்த் துளைகளைக்கூட ஒருநாள் அடைத்து வைத்துவிட்டார். நான் அன்று போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் இடம்பெயர்ந்தது.

நாங்கள் இடம்பெயர்ந்தது அதற்குப் பிறகு. தீவை விட்டு, யாழ்ப்பாணத்தை விட்டு, கடைசியில் வன்னியில் ஒரு குளக்கட்டின் கீழே கொட்டில் போட்டோம். கடல் இல்லாத ஊர். இவர் முதல் மாதம் முழுக்கச் சரியாக நித்திரை கொள்ளவில்லை, இரைச்சல் இல்லையாம். குளத்தில் ஜப்பான் மீன் என்று ஒன்று பிடிப்பார்கள். கொண்டுவந்து கொடுத்தால் மோந்துபார்த்துவிட்டு, “சேத்துக்கை விழுந்த மீன் மாதிரி மணக்குது” என்று தள்ளி வைப்பார். பசி வந்த பிறகு அதையும் சாப்பிட்டார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

நான் அங்கே முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கத் தொடங்கினேன். மரத்துக்குக் கீழே பள்ளி. இவருக்கு வேலை இல்லை. காட்டுக்குப் போய் விறகு வெட்டினார், ஆனால் காடு அவருக்குப் பயம். அலைக்குப் பயப்படாத மனுசன் பாலைமரத்தில் ஒரு கொப்பு முறிந்தால் என் பின்னால் வந்து நிற்பார். நான் சிரிப்பேன். என்னைவிட அவருக்குத்தான் கூடச் சிரிப்பு வரும்.

பிறகு மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. நாலு வயது. காய்ச்சல் விட்டது, ஆனால் பிள்ளை எழும்பவில்லை. பாணும் இல்லை, பாலும் இல்லை, மருந்தென்றால் கடதாசியில் எழுதித் தருவார்கள், வாங்க இடமில்லை. கைகால் எல்லாம் ஈர்க்குக் குச்சிபோல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நேர்ஸ் பிள்ளை பாவப்பட்டுச் சொன்னா, “அக்கா, இறைச்சிச் சாறு குடுத்துப் பாருங்கோ, இல்லாட்டித் தேறாது.” அன்று பின்னேரம் இவர் குளக்கட்டில் போய்த் தனியே இருந்தார். திரும்பி வந்து, “காட்டிலை மான் இருக்குதாம்” என்றார், ஏதோ அந்த ஊருக்கு நேற்றுத்தான் வந்தவர்போல.

செல்லத்துரை அண்ணை என்று அயலில் ஒருவர். அந்த மண்ணிலேயே பிறந்தவர், வேட்டை தெரிந்தவர். துவக்கு வைத்திருப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாத காலம் அது. இயக்கத்துக்குத் தெரிந்தால் துவக்கும் போகும், ஆளும் போகும். ஆனாலும் அவரிடம் இரண்டு இருந்தன. ஒருநாள் எங்கள் கொட்டிலுக்குள் சாக்கை விரித்து இரண்டையும் வைத்தார். ஒன்று இடியன் என்று அவர்கள் சொல்கிற நீளத் துவக்கு. நிறுத்தினால் என் தோளுக்கு வரும். மற்றது ஒரு பழைய வேட்டைத் துவக்கின் குழாயையும் பிடியையும் ஆரோ அரிந்து குறுக்கிய கைத்துவக்கு. ஒரு சாண், கூடினால் ஒன்றரைச் சாண். ஒரு தோட்டாதான் போகும். பார்த்தால் வால் அறுந்த பல்லிமாதிரி இருந்தது.

“இதை எடும்” என்று இடியனைக் காட்டினார் அண்ணை. “தூரத்திலை நிண்டு அடிக்கலாம். மற்றது மானுக்குச் சரிவராது. உது சும்மா ஆக்களை வெருட்ட வைச்சிருக்கிறது.”

இவர் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். வலையின் பாரம் பார்க்கிறவர்போல இரண்டு தரம் மேலும் கீழுமாக. பிறகு சின்னதை மடியில் வைத்துக்கொண்டார்.

“வள்ளத்துக்கை நீளச் சாமான் கரைச்சல் அண்ணை. எனக்கு நீளத்தைக் காவித் திரிய வராது. இதெண்டா மீன் பறிக்குள்ளை போடலாம், ஒருத்தருக்கும் தெரியாது.”

“தூரம் போகாதெண்டெல்லோ சொல்லுறன்.”

“நான் கிட்டப் போவன்.”

“மான் என்ன, மாடெண்டே நினைச்சீர்?”

“மண்டா எறியிற தூரத்துக்குப் போனாக் காணும்” என்றார் இவர். மண்டா என்பது அவர்கள் மீன் குத்துகிற ஈட்டி. அண்ணை என்னைப் பார்த்தார், இந்தாளுக்குக் கொஞ்சம் சொல்லு பிள்ளை என்பதுபோல. எனக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்? மறைக்க இலகு என்றது மட்டும்தான் என் மண்டைக்குள் ஏறியது. சின்னதுதான் நல்லதென்று நானும் சொன்னேன்.

கிட்டப் போனார். காடு தெரியாதே தவிர, காற்றை அவரைப்போல் அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எப்போது திரும்பும் என்று நெற்றியால் சொல்வார். மான் தண்ணீர் குடிக்க வருகிற ஒரு மடுவின் கரையில், காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, விடியற்காலையிலிருந்து சேற்றுக்குள் அசையாமல் கிடந்திருக்கிறார். மீனுக்குக் காத்திருந்து பழகிய உடம்பு. மான் வந்து குனிந்தபோது இடையில் இருந்தது, சாட்டியில் என் பாயிலிருந்து அங்கே நின்ற குடிதண்ணீர்த் தாங்கி வரைக்கும் உள்ள அளவு தூரம்தான். கூடப் போன செல்லத்துரை அண்ணை பிறகு எங்கள் கொட்டிலுக்குள் மட்டும் அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. தன் சீவியத்தில் இப்படி ஒரு விசரனைக் காணவில்லையாம்.

அந்த இறைச்சியை நான் அவித்தேன். பிள்ளை குடித்தாள். ஒரு கோப்பை, பிறகு இன்னொரு கோப்பை. மிச்சத்தை வத்தல் போட்டு ஒளித்துவைத்து ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தோம். மாதக் கடைசியில் சுவரைப் பிடித்து நடந்தாள். அந்த மான் இல்லாவிட்டால் எனக்குப் பிள்ளை இல்லை, இதை நான் எந்த இடத்திலும் சொல்வேன். ஆனால் இவர் அந்த இறைச்சியைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “மீன் சாகேக்கை கண்ணை மூடாது. இது என்னைப் பாத்துப்போட்டு மூடினது” என்றார்.

பிள்ளைக்காக மழைக்கு முன்னர் இன்னும் சில தரம் போனார். பிறகு மாரி தொடங்கியது. வன்னி மழை பெய்தால் காடெல்லாம் தண்ணீர். மடுவுக்குப் போக இடுப்பளவு வெள்ளத்தைக் கடக்க வேண்டும். துவக்கு நனையாமல் எப்படிக் கொண்டுபோவது? தீவான் கைக்கு அதெல்லாம் யோசிக்கிற விசயமே இல்லை. போத்தலுக்கும் எஞ்சினுக்கும் செய்ததைத் துவக்குக்கும் செய்திருக்கிறார். சீலைத் துண்டை மெழுகில் தோய்த்து உருட்டி, குழாய் வாயில் விரல் ஆழத்துக்கு இறுக்கி அடைத்திருக்கிறார். இடம்பெயர்ந்து வரும்போது இருந்த சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த மந்திரித்த திரிக்கட்டைகளை மட்டும் ரின்னுக்குள் போட்டுக் கொண்டுவந்தவர். சுடுகிறதுக்கு முன்னால் கிளறி எடுப்பதுதான் எண்ணம். கிளறுவதற்கு ஈர்க்குக் குச்சிகூட மடியில் செருகியிருந்தார். வெள்ளத்தைக் கடந்து கரையேறியதும் மான் முன்னால் நின்றது. அடைத்து வைத்த பொருளுக்குள் அடைப்பு இருக்கிறது என்று அடைத்த கைக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. வந்தது மான் மட்டும்தான். தோட்டாவின் மருந்து வெளியே போக வழியில்லாமல் குழாயைப் பிளந்துகொண்டு அவருடைய கைக்குள் வெடித்தது.

செல்லத்துரை அண்ணை தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மழையில் இரத்தம் கழுவிக் கழுவிப் போய், முகத்தில் கறுப்புப் புள்ளி மட்டும் கழுவுப்படாமல் இருந்தது. அந்த மணம். திருநாள் மணம்தான், ஆனால் அதற்குள் மெழுகு எரிந்த மணமும் இருந்தது, கோயிலுக்குள் வருகிற அதே மணம். வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அரிந்த துவக்கின் மிச்சத்தை அண்ணை குளத்துச் சேற்றுக்குள் புதைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மரம் விழுந்ததென்று சொன்னோம். டாக்குத்தர் மரத்தை நம்பவில்லை, ஆனால் தைத்தார்.

அதன் பிறகு அவர் இடது கையால் எல்லாம் பழகினார். வலதில் மிஞ்சிய இரண்டு விரலையும் நண்டுக்கால்போல் வைத்து வலைகூட முடிந்தார். என் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர். சுவரில் கைநிழலால் விலங்கு காட்டுவார், அந்தக் கைக்கு நண்டும் மானும் நன்றாக வரும். என்னிடம் மட்டும், “மந்திரிச்ச மெழுகெல்லே, அதுதான் உயிர் தப்பினது” என்பார். பகிடியா உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடைசிச் சண்டையில் இடம் மாறி மாறி ஓடினோம். ஓட்டத்தில் செல்லத்துரை அண்ணை ஷெல் பட்டுச் செத்தார். மான் கதைக்கு இருந்த ஒரே சாட்சி. அன்று நான் அப்படி நினைக்கவில்லை, அன்று அழவும் நேரமில்லை.

எல்லாம் முடிந்து தண்ணீருக்குள்ளால் நடந்து ஆமியின் பக்கம் கரையேறியபோது வெட்டை வெளியில் கம்பிவேலியும் அதற்கு முன்னால் ஒரு மேசையும் இருந்தன. சீருடைக்காரர் இருவர், மொழிபெயர்க்கிறவர் ஒருவர். ஒருநாளேனும் இயக்கத்துக்காக ஆயுதம் தூக்கியிருந்தால் தானாக வந்து சொல்லச் சொல்லி ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருந்தது. வரிசையில் நிற்கும்போது நான் மெல்ல இவரிடம், “இஞ்சேருங்கோ, ஷெல் பட்டது எண்டு சொல்லுங்கோ” என்றேன்.

“முகத்திலை மருந்துப் புள்ளி கிடக்குது. ஷெல் எண்டா நம்புவாங்களே? உள்ளதைச் சொல்லுவம். மான் சுட்டது பெரிய குற்றமே?”

“சொல்லுறதைக் கேளுங்கோ.”

“நீர் பயப்பிடாதையும். பிள்ளையின்ரை கையை விடாதையும்.”

எங்கள் முறை வந்தது. மொழிபெயர்க்கிறவர் கையைத்தான் முதலில் பார்த்தார்.

“இது என்ன?”

“மான் சுடேக்கை துவக்கு வெடிச்சதய்யா.”

“என்ன துவக்கு?”

நீளத் துவக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பொய். என் மனுசனுக்கு அது வரவில்லை. இடது கையால் வயிற்றுக்கு முன்னால் அளவு காட்டினார், ஒன்றரைச் சாண். “கைத்துவக்கு” என்றார்.

அந்த ஆள் திரும்பி மற்ற இருவருக்கும் தங்கள் மொழியில் சொன்னார். எனக்கு விளங்கியது ஒரு சொல், பிஸ்டல். அவர்கள் சிரித்தார்கள். வன்மமான சிரிப்பு இல்லை. காலையிலிருந்து பொய்யாகக் கேட்டுக் களைத்தவர்களுக்கு நல்ல பொய் ஒன்று கிடைத்தால் வருகிற சிரிப்பு.

“பிஸ்டலாலை மான் சுடுறதோ?”

அவர்களுக்கு மான் என்ற சொல்தான் விளங்கவில்லை என்று இவர் நினைத்துவிட்டார். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல இரண்டு கையையும் தூக்கித் தலையில் கொம்பாக வைத்தார். ஒரு கொம்பில் ஐந்து கிளை, மற்றதில் இரண்டு. “மான் ஐயா, மான்” என்றார். அப்படியே நின்றார், அவர்கள் தலையாட்டும் வரைக்கும் நிற்பவர்போல.

“அங்காலை போய் நில்லும்.”

அங்காலை பஸ் நின்றது. ஆண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அப்போது பதினாறு, அவளை என் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அடி எடுத்து வைக்க ஏலாது. இவர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எங்களிடம் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது, மூடி இல்லாதது. “போத்தலை அடைச்சு வையும்” என்றார். பஸ் போய்விட்டது.

பிறகு அவரைத் தேடி நான் ஏறாத படி இல்லை, நிற்காத வரிசை இல்லை. போன இடமெல்லாம் கேட்டார்கள், உங்கட மனுசனுக்குக் கை எப்படிப் போனது என்று. சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் எழுதுகிற கை நிற்கும். தலை நிமிரும். எங்கட சனமும் அப்படித்தான். சொந்தத் தங்கச்சியே ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, “அக்கா, எனக்கு மட்டும் சொல்லு, அத்தான் உண்மையா இயக்கத்திலை இருந்தவரோ?” என்று கேட்டாள். நான் அகப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனேன்.

இப்போது தீவுக்குத் திரும்பிவிட்டேன். மகள் வெளிநாட்டில். வீட்டில் நான் ஒருத்தி, பழைய காற்று. காற்று மட்டும் மாறவில்லை, திறந்ததற்குள் எல்லாம் புகுந்து குந்துகிறது. ஆனால் மெழுகுச் சீலை இப்போது ஒரு வீட்டிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் திருகு மூடி வந்துவிட்டது. மந்திரித்த திரியின் அடிக்கட்டையை என்ன செய்வதென்று இளம் பெண்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எரித்து முடியுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அந்தக் குளக்கட்டுப் பக்கம் மானும் இல்லையாம், காட்டை வெட்டிவிட்டார்களாம்.

சாட்டியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்தச் சிறுமியின் வெடிச்சுருள் முடிந்துவிட்டிருந்தது. தகப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போய்விடுவார்கள் என்று கண்டதும் என் வாய் என்னைக் கேளாமல் திறந்தது.

“தம்பி, பிஸ்டலாலை மான் சுடலாம். என்ரை மனுசன் சுட்டவர்.”

அவர் மரியாதையாகச் சிரித்தார். “அப்பிடியோ அன்ரி” என்றார், வயதானவர்களுக்குச் சொல்கிற அந்தக் குரலில். பாயை மற்றப் பக்கமாக மடித்தார்.

சிறுமி கிட்ட வந்தாள். பிஸ்டலைக் கீழே இறக்கிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“எவ்வளவு கிட்டப் போனவர்?”

ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. தண்ணீர்த் தாங்கியைக் காட்டினேன். “இதிலை இருந்து அது மட்டும்.”

“மான் ஓடேல்லையோ?”

“இல்லை. காத்து அவரின்ரை முகத்துக்கு அடிச்சது.”

அவள் தாங்கியைப் பார்த்தாள், தூரத்தை அளப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தகப்பனிடம் திரும்பி, “பாத்தியளோ அப்பா, கிட்டப் போனாச் சுடலாம்” என்றாள். தகப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த மேசையில் இருந்த மூன்று பேரில் ஒருவர் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இவர் கையைத் தலையிலிருந்து இறக்கி அந்தத் தூரத்தைக் காட்டியிருப்பார்.